தோம்பும் திறவுகோலும்

(பென்னலூரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



நிலம் வாங்கியதற்கு எழுதிக்கொள்ளும் ஆவணத்தைத் தமிழகத்தார் பத்திரம் என்பர். யாழ்ப்பாணத்தார் உறுதி என்பர். 'காணி உறுதி' என்பது அங்கே அன்றாட வழக்கு. நிலையாமையைப் பாடிப் பழகிய ஒரு மொழியில், நிலத்துக்கு எழுதிய தாளுக்கு உறுதி என்று பெயரிட்ட மக்கள், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அந்த உறுதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய நேர்ந்தது. தாள் கையில் இருந்தது, நிலம் இல்லை. பலரிடம் தாளும் இல்லை.

உறுதியோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு சொல் தோம்பு. போர்த்துக்கீசியர் வழியே இலங்கைக்கு வந்த சொல் இது. அவர்களுக்குப் பின் ஆண்ட ஒல்லாந்தர் தோம்பு எழுதுவதைப் பெரிய நிர்வாகப் பணியாகவே நடத்தினர். நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு. யாருடைய தோட்டம், எவ்வளவு பரப்பு, அதில் தென்னை எத்தனை, பலா எத்தனை என்று எண்ணி எழுதினர். மரத்தின்மேல் கொண்ட அன்பினால் அன்று. வரிக்கும் ஊழியத்துக்கும் கணக்கு வேண்டியிருந்தது. இந்த மரக் கணக்கைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். உரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

தா. சனாதனன் யாழ்ப்பாணத்து ஓவியர். 1969-இல் பிறந்தவர். டெல்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 2011-இல் அவருடைய நூலொன்று வெளிவந்தது. 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்பது அதன் தலைப்பு. முற்றுப்பெறாத தோம்பு எனக் கொள்ளலாம். நூல் என்று சொல்வது வசதிக்காகவே. கலைக்கூடத்துச் சுவரில் தொங்க வேண்டிய ஒன்று புத்தகத்தின் உருவில் கைக்கு வருகிறது என்பதே பொருத்தம்.

இலங்கையின் வடக்கில் போரினால் வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களுமாகிய எண்பது பேர், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தனர். அந்த எண்பது படங்களே நூலின் அடித்தளம். இவர்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு தொட்டுப் பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் மறைந்தன. 1995 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரமும் சுற்றூர்களும் ஓரிரவில் காலியாயின. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, திரும்பிச் செல்ல வீடுள்ளவர் யார் என்பதே தெரியாதிருந்தது.

இனி நூலின் அமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு வீடும் மூன்று முறை வரையப்பட்டுள்ளது. முதலாவது, வீட்டுக்குரியவர் தம் கையாலேயே வரைந்தது. இரண்டாவது, அதனைக் கட்டடக் கலைஞர் ஒருவர் தொழில்முறைத் தரைப்படமாக, ஊடுருவித் தெரியும் தாளில் மாற்றி வரைந்தது. மூன்றாவது, அவ்விரண்டையும் உள்வாங்கிச் சனாதனன் உலர் வண்ணக்கோலால் தீட்டியது. கூடவே, அந்த வீட்டைப்பற்றி உரியவர் சொன்ன சில சொற்கள்.

படம் வரைந்து பழகாத ஒருவரிடம் தாளும் எழுதுகோலும் தந்து 'உங்கள் வீட்டை வரையுங்கள்' என்றால் என்ன நேரும் என்பதை வீட்டுக்குப் போய் யாரும் சோதித்துப் பார்க்கலாம். எதிலிருந்து தொடங்குவது என்பதே முதற் சிக்கல். சிலர் வாசலிலிருந்து தொடங்குவர், சிலர் அடுப்பங்கரையிலிருந்து. யாழ்ப்பாணத்து வளவு என்பது சுவருக்குள் முடிவதன்று. படலையைத் திறந்தால் முற்றம்; முற்றத்தைக் கடந்தால் விறாந்தை; பின்புறம் குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில்; எல்லாவற்றையும் சுற்றிக் கிடுகோ பனையோலையோ வேய்ந்த வேலி. வரைகின்ற கை இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் தருகிறதோ, அந்த அளவே நினைவின் அளவு. அளவுநாடா சொல்லாத ஓர் உண்மையை அக்கோணல் கோடு சொல்லிவிடுகிறது. உலகெங்கும் படத்தை முதலில் வரைந்து பின்பு வீட்டைக் கட்டுவர். இங்கே வீடு போனபின் படம் வரைகிறது.

இரண்டாவது படத்தைப்பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். நூலைப் புரட்டுவோர் பலர் அதனை விரைந்து கடந்துவிடக் கூடும். உயிருள்ள கைக்கோட்டுக்கும் ஓவியனின் வண்ணத்துக்கும் இடையே, உணர்ச்சியற்ற நேர்கோடுகளும் கதவுக்கும் சன்னலுக்கும் உரிய மரபுக் குறிகளும் கொண்ட இந்தத் தாள் எதற்கு? ஆனால் நூலின் மிகவும் உருக்கமான பகுதி இதுவே எனத் துணிந்து கூறலாம். ஓர் அகதியின் நினைவை ஒரு தொழில் வல்லுநர் உட்கார்ந்து அளந்து, சுவரின் தடிப்பு இவ்வளவு இருந்திருக்கும், இந்தக் கதவு இப்பக்கம் திறந்திருக்கும் என்று கணித்து, அலுவலகம் ஏற்கும் மொழியில் எழுதித் தந்திருக்கிறார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பினார் என்பதற்கு அந்த நேர்கோடுகள் சாட்சி. வரிசையில் நின்று படிவம் நிரப்பி, சான்று எங்கே என்று கேட்கப்பட்டுத் திரும்பியவர்களுக்கு, நம்பப்படுதல் சிறிய பேறன்று.

மூன்றாவது படத்தில்தான் இடர் உள்ளது. பிறர் துயரத்தின்மேல் கலைஞன் தன் கைவண்ணத்தைக் காட்டும் இடம் அது. சில பக்கங்களில் முதற்படமே போதுமே என்று தோன்றாமற் போகாது. ஆயினும், மூன்று படங்களும் ஒன்றை ஒன்று அழிக்காமல் அடுத்தடுத்து நிற்பதால் இந்த இடர் பெரிதும் தணிகிறது. கலைஞன் சொன்னது பிடிக்கவில்லையெனில் இரண்டு தாளைப் பின்னுக்குப் புரட்டினால் வீட்டுக்காரரின் கோடு அப்படியே இருக்கிறது. கவிதையில் இந்த வசதி இல்லை. பிறர் வாயில் கேட்டதைக் கவிஞன் எழுதும்போது, கேட்ட சொல் கவிதைக்குள் கரைந்துபோகிறது. மூலத்தைப் புரட்டிப் பார்க்கும் வழி வாசகனுக்கு இல்லை.

இப்பொழுது அந்த மரக் கணக்கு. ஒல்லாந்தன் தோம்பில் பலாமரம் ஏறியது வரிப்பொருளாக. இத்தோம்பில் கிணறும் மரமும் இடம்பெறுவது, அவையில்லாமல் வீட்டைச் சொல்ல முடியாது என்பதால். அதே மரம், அதே பெயருடைய பதிவேடு. எழுதுகின்ற கை மாறியதும் பதிவின் பொருளே மாறிவிடுகிறது. ஆட்சியாளரின் சொல்லை எடுத்து ஆளப்பட்டோர் கையில் கொடுத்தமையே சனாதனன் செய்த பெருஞ்செயல். வசைமொழி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இவ்வழிக்கு அவர் திடீரென வந்தவர் அல்லர். 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் புதுக்கப்பெற்றபின், 2004-இல் அங்கே ஒரு கலைக்காட்சி நடந்தது. அதற்கு இட்ட பெயர் 'அகம்-புறம்'. அக்காட்சிக்காகக் குடாநாட்டின் ஏறத்தாழ 500 வீடுகளிலிருந்து அன்றாடப் பொருள்கள் திரட்டப்பட்டுக் கூட்டுப் படைப்பொன்றாக வைக்கப்பட்டன. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கட்டடத்தில், வீட்டுப் பொருள்கள் நூல்களின் இடத்தில் அமர்ந்தன. அகத்திணை, புறத்திணை என்று மேடைதோறும் பேசும் தமிழகத்து அவைகள், வீட்டுக்குள் இருந்த பொருளையும் வீட்டுக்கு வெளியே நடந்த போரையும் இப்படி ஒரு கூரையின்கீழ் வைத்துப் பார்த்ததுண்டா என்பது எண்ணற்பாலது.

பின்னர், 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி ஈராண்டுக் கலைவிழாவில் அவருடைய படைப்பொன்று இடம்பெற்றது. நூலகங்களில் நூற்பட்டியல் அட்டைகள் வைக்கும் சிறுசிறு இழுப்பறைப் பெட்டி. இழுத்தால், பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் எரிபொருளும் இன்றி மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் கதைகள் அட்டைகளில் இருக்கும். மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. தட்டுப்பாட்டில் பிறந்த இத்தகைய கைத்திறன்களை வீரக்கதைகளில் காண இயலாது. வீரக்கதைக்கு மண்ணெண்ணெய்க் குப்பி ஒரு பொருட்டன்று.

கொச்சி என்றதும் சிறிது விலகி ஒன்றைச் சொல்லலாம். ஜப்பானில் ஷிகோகு தீவிலும் ஒரு கொச்சி உண்டு. சிஹாரு ஷியோட்டா என்னும் கலைஞரின் பெற்றோர் ஊர் அதுவே. இவர் 1972-இல் ஒசாகாவில் பிறந்து, கியோட்டோவில் ஓவியம் பயின்று, 1996 தொட்டு ஜெர்மனியில் வாழ்பவர். தூரிகையை விட்டு நூலை எடுத்தவர். பழைய சன்னல்கள், அணிந்து தேய்ந்த காலணிகள், கட்டில்கள், எரிந்த பியானோ எனப் பிறர் பயன்படுத்தி விட்ட பொருள்களை ஓர் அறையில் வைத்து, அறை முழுவதையும் கறுப்பு நூலாலோ சிவப்பு நூலாலோ சிலந்திபோல் பின்னிவிடுவார். சிறுமியாக இருந்தபோது அண்டை வீடு எரிந்ததையும் மறுநாள் அங்கே கருகிய பியானோ நின்றதையும் கண்டவர் என்பது, அந்தப் பியானோவின் கதை.

2015-இல் வெனிஸ் நகரத்து ஈராண்டுக் கலைவிழாவில் ஜப்பானிய அரங்கை அவர் ஏற்றார். நெருங்கிய சிலரை இழந்து துயருற்றிருந்த காலம். பயன்படுத்திய திறவுகோல்களைத் தருமாறு பல நாட்டு மக்களிடம் வேண்டினார். 50,000-க்கும் மேற்பட்ட திறவுகோல்கள் சிவப்பு நூலில் கோக்கப்பட்டு மேலிருந்து தொங்கின. கீழே இரண்டு பழைய மரத்தோணிகள் அவற்றை ஏந்துவனபோல் நின்றன. 'கையிலுள்ள திறவுகோல்' என்பது படைப்பின் பெயர்.

திறவுகோல் விந்தையான பொருள். வீட்டின் மிகச் சிறிய உறுப்பு அதுவே. வீட்டைவிட்டு வெளியேறுகையில் கையோடு வருவதும் அதுவே. வெளியேறியவர் கையிலுள்ள திறவுகோல், பூட்டும் கதவும் இல்லாமற்போன பின்னும் திறவுகோலாகவே இருக்கிறது. ஷியோட்டா இதனை நன்கு உணர்ந்திருக்கிறார். அரங்கினுள் நுழைந்தோர் செந்நிறத்தில் மூழ்கிப்போயினர் என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பேரழகிலேயே குறையொன்றும் உள்ளது. ஐம்பதினாயிரம் கதவுகள் ஒரே சிவப்பு மேகமாகிவிட்டபின், எந்தத் திறவுகோல் எந்தத் தெருவுக்குரியது என்று கேட்பாரில்லை. பொதுமை கண்டதில் தனிமை தொலைந்தது. தோம்பில் எண்பதும் எண்பதாகவே இருக்கின்றன. ஒரு வீட்டின் கிணறு மற்றொரு வீட்டின் கிணறாகாது. அழகில் ஷியோட்டாவின் படைப்பு மேலாகலாம். சான்றாக நிற்பதில் தோம்பே மேல்.

ஜப்பானில் இந்த எண்ணத்துக்கு முன்னோடிகள் உண்டு. 1960-களின் இறுதியில் 'மோனோ-ஹா' என அழைக்கப்பட்டோர் கல், மரம், இரும்பு, மண் ஆகியவற்றைச் செதுக்காமல், வண்ணம் பூசாமல், உள்ளபடியே வைத்தனர். 1968-இல் கோபே நகரத்துப் பூங்காவில் நொபுவோ செக்கினே என்பவர் தரையில் வட்டமாக ஒரு குழி தோண்டினார், 2.7 மீட்டர் ஆழம். எடுத்த மண்ணை அதே உருளை வடிவில் குழிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். படைப்பு அவ்வளவே. குழியின் அளவு மண்ணில், மண்ணின் அளவு குழியில்.

இந்த மாவட்டத்தாருக்கு அப்படைப்பு புதிதாகத் தோன்றாது. ஏரியில் சவுடு எடுத்த பள்ளத்தையும், அச்சவுட்டைக் கொட்டி மேடாக்கிய மனையையும் அன்றாடம் காண்பவர்கள் இவர்கள். ஒரே வேறுபாடு, குழியும் மண்ணும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. எந்த மேட்டுக்கு எந்தப் பள்ளம் என்று பொருத்திச் சொல்ல ஆளில்லை.

பென்னலூர் அமர்ந்துள்ள நெடுஞ்சாலையில் வந்துபோன ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது, 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய விடுதிகளும் உணவகங்களும் பின்னே வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெருவிடுதி திறக்கப்பட்டது. இராமானுசர் பிறந்த ஊர் என்று மட்டும் அறியப்பட்ட வட்டாரம், இருபத்தைந்து ஆண்டுகளில் உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. அந்த வரைபடத்தில் ஏறும்பொருட்டு வேறொரு வரைபடத்திலிருந்து எவை இறங்கின என்பதே கவிஞர்முன் உள்ள வினா.

ஒன்றைத் தெளிவுபடுத்தாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது. குண்டு விழுந்து வீடிழந்தவரையும், இழப்பீடு பெற்று நிலம் தந்தவரையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. அவ்வாறு வைப்பது முன்னவரின் துயரத்தை மலிவாக்கும். இங்கே நிலம் தந்தவருள் மாடிவீடு கட்டியவர் உண்டு; பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தவர் உண்டு; இந்த அவையிலும் தொழிற்சாலை ஊதியத்தில் வாழ்வோர் பலர். ஒப்புமை இழப்பில் இல்லை, பதிவேட்டில் உள்ளது.

தொழிலுக்காக நிலம் எடுக்கும்போது, மண்ணுக்கு ஒரு விலையும், அதிலுள்ள கிணற்றுக்கும் மரத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி விலையும் மதிப்பிடுவது நடைமுறை. ஒல்லாந்தர் காலத்துப் பலாமரம் போலவே, இங்கும் மாமரமும் பனையும் எண்ணப்பட்டுத் தாளில் ஏறின. பட்டா, சிட்டா, அடங்கல், இழப்பீட்டு ஆணை எல்லாவற்றிலும் மரம் இருக்கிறது. அந்த மரத்தடியில் களைத்து உட்கார்ந்த கூலிப்பெண் எந்தத் தாளிலும் இல்லை. அடங்கலில் என்ன பயிர் என்று எழுதுவர். நாற்று நட்டவர் யார் என்று எழுதுவதில்லை. பட்டா இல்லாதவருக்கு இழப்பும் இல்லை என்பது கணக்கின் முடிவு. சனாதனன் தோம்பில் ஒருவர் இடம்பெறுவதற்கு உறுதிப் பத்திரம் வேண்டியதில்லை. வீட்டை நினைவில் வைத்திருந்தால் போதும். பதிவேட்டில் நுழையும் தகுதியையே அவர் மாற்றிவிட்டார்.

இவ்வட்டாரத்துக் கவிதைகளில் இழந்த ஏரியும் அழிந்த வயலும் பஞ்சமின்றி வருகின்றன. ஆனால் எந்த ஏரி என்று கேட்டால் பெரும்பாலான கவிதைகளில் விடையில்லை. மதகு எத்தனை, கலங்கல் எப்பக்கம், கடைமடைக்கு நீர் வராத ஆண்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, நீர்க்கட்டியின் குடும்பம் இப்போது என்ன செய்கிறது என்ற செய்திகள் உரையாடலில் வரும், கவிதைக்குள் வாரா. கவிதைக்குள் வந்ததும் ஏரி 'ஏரி' ஆகிவிடுகிறது, எல்லாருடைய ஏரியுமாகி யாருடையதும் அல்லாததாகிவிடுகிறது. ஷியோட்டாவின் சிவப்பு மேகமே இங்கும் கவிந்துள்ளது, அவருடைய உழைப்பு இல்லாமல்.

இதற்கு ஜப்பானுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த்தான் பாடம் கேட்க வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் உணர்ச்சியாகிய உரிப்பொருளுக்கு முன் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது. உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் என்று கருப்பொருளை வகுத்தது. அது வெறும் அணிகலப் பட்டியலன்று. பிரிவு என்று சொல்லுமுன், எந்த மரத்தடியில் பிரிவு என்று சொல்லக் கடமைப்பட்டவன் கவிஞன் என்னும் கட்டளை அதில் உண்டு. இன்றைய கவிஞர் உரிப்பொருளை வைத்துக்கொண்டு மற்றிரண்டையும் குறியீட்டுக் கணக்கில் தள்ளிவிட்டனர் என்பது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். பத்தாண்டு நிறைந்த வட்டத்தின் முன் கடுஞ்சொல்லும் சொல்லத்தக்கதே.

இன்னொரு திணைமாந்தரும் உளர். வல்லத்து விடுதியிலும் சாலையோரத்து வாடகை அறைகளிலும் தங்கி, முறை மாறி வேலைக்குச் செல்லும் இளம்பெண்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். இவர்களிடம் ஒரு தாளைத் தந்து 'உங்கள் வீட்டை வரையுங்கள்' என்றால் ஊர் வீட்டை வரைவார்களா, கட்டிலையும் தலைமாட்டுப் பெட்டியையும் வரைவார்களா? இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் நடுவே எவ்வளவு இடம் விடுவார்கள்? விடை இந்த வட்டத்தாரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

யாழ்ப்பாணத்துக்கு மீண்டு உரையை நிறைவு செய்யலாம். போர் முடிந்த பின்னர், உயர்பாதுகாப்பு வலயத்துக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பியோருள் பலர் கண்டது வீடிழந்த வெளி. சுவரில்லை, வேலியில்லை, ஒழுங்கைகளும் அழிந்து, ஒரு காணிக்கும் அடுத்த காணிக்கும் எல்லை தெரியவில்லை. எஞ்சிய கிணற்றையோ மரத்தையோ கொண்டு, இதற்கு வடக்கே குசினி, இதற்குக் கிழக்கே தலைவாசல் என்று காலால் அளந்து தம் வளவைத் தேட வேண்டியிருந்தது.